ஐந்து மில்லிமீட்டர் மொட்டு

ஆய்வேட்டில் ஒரு படம் குறைந்தது. நாற்பத்தேழாம் பக்கத்தில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு புகைப்படங்கள் இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தன. நான்காவதின் நெகட்டிவில் பூஞ்சை படர்ந்திருந்தது. திருவனந்தபுரத்து மழைக்கு நெகட்டிவ், செருப்பு, ஊறுகாய் எல்லாம் ஒன்றுதான்.

பதினொரு நாள் பாக்கி இருந்தது. 1999 ஜூன் இருபத்தைந்து, வெள்ளிக்கிழமை, ஜிஜியின் பிஎச்.டி. பதிவுக்காலம் முடிகிறது. அதற்குள் பல்கலைக்கழகத்தில் ஐந்து பிரதிகள் கொடுத்தாக வேண்டும். கொடுத்ததற்கான ரசீதைக் காட்டினால் மார்த்தாண்டத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர் வேலை. வீட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். ஏழு வருடமாக அவள் பாறசாலையில் காலை பாசஞ்சரைப் பிடித்து, தம்பானூரில் இறங்கி, பஸ் மாறி, நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தாள். இடையில் கல்யாணம் ஆனது. ஒரு பெண் பிறந்து, அதற்கு இப்போது இரண்டு வயது. பாசஞ்சர் மட்டும் மாறவில்லை.

குறைந்த படம் கடினமானதல்ல. மிளகாய்ப் பூவின் மகரந்தத் துகள், உள்ளே இரண்டு உட்கருக்களுடன். அவ்வளவுதான். ஜிஜி குடையை எடுத்துக்கொண்டு வலைக்கூடாரத்துக்குப் போனாள். தொட்டிகளில் மிளகாய்ச் செடிகள் வரிசையாக நின்றன. ஆய்வுக்கூடக் கோட்டின் பையிலிருந்து ஒரு துண்டு பழைய எக்ஸ்ரே பிலிமை எடுத்தாள். அதில் ஊசியால் கீறிய கோடுகள்: மூன்று, நான்கு, ஐந்து, ஆறு மில்லிமீட்டர். முதல் வருடம், மார்ச் மாத வெயிலில், ஐந்நூறு மொட்டுகளை அளந்து, பிரித்து, நுண்ணோக்கியில் பார்த்து அவள் போட்ட கணக்கு அது. நான்கு மில்லிமீட்டர் மொட்டு என்றால் உள்ளே மகரந்தத் துகளுக்கு ஒரே உட்கரு. ஐந்து என்றால் அது பிரிந்து இரண்டாகியிருக்கும். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அதை ஜிஜி ஸ்கேல் என்றார்கள்.

ஐந்து மில்லிமீட்டர் மொட்டு ஒன்றைப் பறித்தாள். மகரந்தப்பையை எடுத்து, சிவப்புச் சாயத்தில் நசுக்கி, கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள்.

ஒரே உட்கரு.

இன்னொன்று பறித்தாள். ஒன்றுதான். மூன்றாவதிலும் ஒன்றுதான். நான்காவதில் சில துகள்களில் இரண்டு. அதைப் படம் எடுத்துக்கொண்டாள். வேலை முடிந்தது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை.

"சேச்சி, சாப்பிட வரல்லியா?" என்றாள் ஆதிரா. நெய்யாற்றின்கரைக்காரி. நான்காம் வருட ஆராய்ச்சி மாணவி. அடுத்த மேசை.

"ஆதிரா, எனக்கு ஒரு அம்பது மொட்டு பறிச்சுத் தருவியா? அஞ்சு மில்லி. ஸ்கேல் வச்சு."

"எதுக்கு? படம் கிட்டியாச்சுல்ல?"

"ஒண்ணு எண்ணிப் பாக்கணும்."

மதியம் இரண்டு பேருமாக எண்ணினார்கள். ஆதிரா நசுக்கினாள், ஜிஜி குறித்தாள். ஆதிரா எதற்கும் பெயர் வைப்பாள். ஒரு உட்கரு இருந்தால் ஒத்தக்கண்ணன். இரண்டு இருந்தால் ரெண்டுகண்ணன்.

"ஒத்தக்கண்ணன். இதும் ஒத்தக்கண்ணன். அய்யோ சேச்சி, இது கண்ணாஸ்பத்திரி மாதிரில்லா இருக்கு. எல்லாவனுக்கும் ஒரு கண்ணுதான்."

"பேசாம பாரு."

"பேசினா கண்ணு கூடவா செய்யும்?"

நான்கு மணிக்கு முடிந்தது. ஒற்றை முப்பத்தேழு. இரட்டை ஒன்பது. கலப்பு நான்கு.

ஆதிரா தாளை வாங்கிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "சேச்சி, தீஸிஸுக்கு ஆர்.என்.ஏ. எடுத்த மொட்டு எந்த மாசம்?"

"ஜூலை. தொண்ணூத்தஞ்சு."

"நல்ல மழ இருந்திருக்கும், அல்லே?"

"ஓ" என்று தலையாட்டினாள்.

ஜிஜியின் ஆய்வேடு முழுவதும் ஒரே ஒரு மரபணுவைப் பற்றியது. அது மகரந்தத்தில் மட்டும் வேலை செய்கிறது. இலையில், வேரில், காயில் எல்லாம் உறக்கம். மகரந்தத்திலும் எப்போதும் விழித்திருப்பதில்லை. எப்போது விழிக்கிறது என்பதுதான் கேள்வி. மகரந்தத்தாய் செல் பிரிந்து நான்கு நான்காகக் கூடியிருக்கும். பிறகு அவை தனித்தனியாகும். தனித்த துகளுக்குள் ஒரு உட்கரு. அது ஓரமாக நகர்ந்து, ஒருநாள் இரண்டாகப் பிரியும். அந்தப் பிரிவு வந்துதான் மரபணுவை எழுப்புகிறதா, அல்லது பிரிவு வரும்போது அது ஏற்கெனவே விழித்திருக்கிறதா? மரபணு விழித்தால் அதன் செய்தி ஆர்.என்.ஏ.வாக வெளியே வரும். அந்தச் செய்தி நான்கு மில்லிமீட்டர் மொட்டில் இல்லை, ஐந்தில் இருந்தது. ஆகவே பிரிவுக்குப் பிறகே விழிக்கிறது என்று எழுதியாகிவிட்டது. தலைப்பே அதுதான்: மிளகாயில், உட்கருப் பிரிவுக்குப் பின் செயல்படும் ஒரு மகரந்த மரபணு.

மழையில் மொட்டு உள்ளிருப்பதை விட்டுவிட்டு நீண்டிருக்கிறது. அப்படியானால் ஜூலையில் அவள் நான்கு மில்லிமீட்டர் என்று எடுத்தது நான்கு நான்காகக் கூடியிருந்தவை. ஐந்து என்று எடுத்தது ஒற்றைக்கண்ணன்கள். மரபணு பிரிவுக்கு முன்பே விழித்திருக்கலாம்.

இதைத் தடுக்க ஒரு வழி இருந்தது. ஆய்வுக்கூடத்தின் பழைய வழக்கம். மிளகாய்ப் பூவில் பெரும்பாலும் ஐந்து மகரந்தப்பைகள். ஒன்றை நசுக்கிப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் மீதி நான்கையும் திரவ நைட்ரஜனில் போட வேண்டும். மொட்டுக்கு ஒன்று. முதல் வருடம் அப்படித்தான் செய்தாள். தொண்ணூற்றைந்தில் ஆயிரத்தைந்நூறு மொட்டுகள் தேவைப்பட்டன. நைட்ரஜன் கேன் வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அது ஆவியாகிவிடும். ஸ்கேல் இருக்கிறதே என்று அளந்து அளந்து போட்டாள். எட்டு நாளில் முடிந்தது. பார்த்திருந்தால் இரண்டு மாதம்.

*

கல்யாணராமன் அறையில் அட்டைப்பெட்டிகள் இருந்தன. மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். வலியசாலைக்காரர். முப்பத்துநான்கு வருட சர்வீஸ். ஜிஜி அவருடைய கடைசி மாணவி. பழைய இதழ்களைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமல் கேட்டார்.

"படம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார். ஆனா அஞ்சு மில்லி மொட்டுல ஒத்த உட்கருதான் இருக்கு."

"இருக்கட்டுமே. வேற மொட்டை எடு."

"அம்பது எண்ணினோம் சார். முப்பத்தேழு ஒத்த."

கயிற்றைக் கீழே விட்டார். "ஸ்கேல் எப்போ போட்டது?"

"மார்ச்சில."

"ஆர்.என்.ஏ.?"

"ஜூலையில."

அவருக்கு மேலே விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மழைக்கு மொட்டு முன்னாடி ஓடிண்டிருக்கு. உள்ளே இருக்கறது பின்னாடி நடந்து வரது. அதாக்கும் விஷயம்."

"ஆமா சார்."

"ஒண்ணொண்ணாப் பாக்கல்லையா நீ?"

"அப்போ பாக்கல்ல சார்."

"ம்." ஒரு பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "இப்போ எதுக்காக்கும் இதைத் தோண்டறாய்? நோக்குப் பதினோரு நாள் இருக்கு. எனக்குப் பதினாறு. ஜர்னல்ல பேப்பர் வந்து ரெண்டு வருஷமாச்சு, என் பேரும் உன் பேரும் போட்டு. உலகம் ஒண்ணும் இடிஞ்சு விழல்லை."

"யாராவது செஞ்சு பாத்தா?"

"மிளகாய்ப் பூவையா? யாரு பாக்கப் போறா? ஊரெல்லாம் நெல்லு நெல்லுன்னு ஓடறது." மறுபடி கயிற்றை எடுத்தார். "பாக்கப்படாதுன்னு நான் சொல்லல்லை. இப்போ வேண்டாம்னு சொல்றேன். ஆத்துக்குப் போய்த் தூங்கு. உன் மூஞ்சியைப் பாத்தா நேக்கே கண்ணைச் சொருகறது."

*

வீட்டில் அம்மா தாசம்மாள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "கொடுத்தாச்சா மக்களே?"

"இன்னும் இல்லம்மா."

"ஏழு வருஷமாட்டு மொளகாப் பூவ எண்ணுக. நாலு மூடு செடி வீட்டுக்குப் பொறத்த நட்டு எண்ணியிருந்தா கறிக்காவது ஆகியிருக்கும்."

கணவன் பினு நெய்யாற்றின்கரை பஸ் டிப்போவில் குமாஸ்தா. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி அவள் சொன்னதையெல்லாம் கேட்டான். பொறுமையாகத்தான் கேட்டான்.

"ரசீது கிட்டினா போதும்லா? உள்ள என்ன எழுதியிருக்குன்னு காலேஜில யாரு கேக்கப் போறா?"

"ஒருத்தரும் கேக்க மாட்டாவ."

"பின்ன?"

அவள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் பாசஞ்சரில் பென்சிலோடு பிழைதிருத்த உட்கார்ந்தாள். முப்பத்தொன்றாம் பக்கம் வந்தது. ஒவ்வொரு மொட்டிலும் ஒரு மகரந்தப்பை நுண்ணோக்கியில் சரிபார்க்கப்பட்டது என்று ஒரு வரி. முதல் வருட அறிக்கையில் எழுதியது. அங்கிருந்து இரண்டாம் வருட அறிக்கைக்கு வந்து, அதிலிருந்து மூன்றாம் வருடத்துக்கு வந்து, கடைசியில் ஆய்வேட்டிலும் வந்து உட்கார்ந்திருந்தது. யாரும் அதைப் பொய்யாக எழுதவில்லை. எழுதியபோது அது உண்மை.

நெய்யாற்றின்கரை தாண்டியதும் அந்த வரியை அடித்தாள். பத்தியை மறுபடி படித்தாள். வரி இல்லாமலும் பத்தி நன்றாகவே நின்றது. இனி அந்தப் பக்கத்தில் பொய் இல்லை. ஆர்.என்.ஏ.வைக் காட்டும் ஒன்பதாம் படத்தில் இருந்தது. தலைப்பில் இருந்தது. பாலராமபுரத்தில் ரப்பரை எடுத்து அடித்த கோட்டை அழித்தாள். நேமத்தில் பென்சிலைப் பையில் போட்டு மூடினாள்.

ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் ஆதிராவிடம் கேட்டாள். "உன் ஐசோடோப்பு பாக்கி இருக்கா?"

ஆதிரா திரும்பிப் பார்த்தாள். செய்தியைத் தேடிப் பிடிக்கும் மரபணுத் துண்டுக்குக் கதிரியக்கம் ஏற்ற வேண்டும். அதற்கான பாஸ்பரஸ் மும்பையிலிருந்து விமானத்தில் வரும். சொல்லி வைத்து ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். ஆதிராவுடையது போன வாரம்தான் வந்தது.

"சேச்சிக்கு என்ன பைத்தியமா? பத்து நாளுக்குள்ள தீஸிஸ் கொடுக்கணும்."

"தெரியும். கொஞ்சம் போதும்."

"சார் என்ன சொன்னாரு?"

"தூங்கச் சொன்னாரு."

"அப்போ போய்த் தூங்கணும் சேச்சி." ஆதிரா ஈயப்பெட்டி இருந்த மூலையைப் பார்த்தாள். "எனக்கே அது தெகையாது, பத்தாது, அறியாமோ? சரி. பதினாலு நாளைக்கு ஒருக்கா பாதி சாகிற சாதனம். நான் பூட்டி வச்சாலும் சாகும், சேச்சிக்குத் தந்தாலும் சாகும். எடுத்துக்கோங்க. ஆனா ஒத்தக்கண்ணன எண்ண என்ன விளிக்கப்படாது."

விளிக்காமலே வந்தாள். செவ்வாயும் புதனும் நானூறு மொட்டுகள். இந்த முறை ஸ்கேலை யாரும் தொடவில்லை. பறித்தார்கள், பிரித்தார்கள், ஒரு மகரந்தப்பையை நசுக்கிப் பார்த்தார்கள். நான்கு நான்காக இருந்தால் ஒரு குழாய். ஒற்றை உட்கரு என்றால் இன்னொரு குழாய். மற்றதெல்லாம் குப்பைக்கூடை. மழை ஒரே அளவில் பெய்துகொண்டிருந்தது. ஜிஜியின் வலது கட்டைவிரல் சிவப்பேறியது. கழுத்து திரும்பவில்லை. முந்நூறு தாண்டிய பிறகு ஆதிரா பேசுவதை நிறுத்தினாள். அது ஒன்றுதான் ஜிஜிக்குக் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை ஆர்.என்.ஏ. பிரித்தாள். கொஞ்சம்தான் கிடைத்தது. ஒரு துண்டுச் சவ்வில் நான்கு கோடுகளாக இறக்கினாள்: இலை, நான்கு நான்கு, ஒற்றை, நான்காவதாக மைனஸ் எழுபது டிகிரிப் பெட்டியில் மீதமிருந்த பழைய ஜூலைக் குழாய், ஐந்து மில்லிமீட்டர் என்று லேபிள் ஒட்டியது. கதிரியக்கம் ஏற்றிய துண்டை ஊற்றி வைத்தாள். வெள்ளிக்கிழமை கழுவி, எக்ஸ்ரே பிலிமோடு சேர்த்துப் பெட்டியில் அடைத்து, உறைபெட்டியில் வைத்தாள். பிறகு ஞாயிறு ஆராதனைக்குப் போனாள். பிரசங்கம் முழுக்கத் தூங்கினாள். தாசம்மாள் தொடையில் கிள்ளினாள்.

திங்கள் காலை இருட்டறையில் பிலிமை டெவலப்பரில் முக்கினாள். சிவப்பு விளக்கில் வெறும் பிலிமாக இருந்தது. எண்பதுவரை எண்ணினாள். மூன்றாவது இடத்தில் ஒரு கோடு வந்தது. நான்காவதில் ஒன்று. பிறகு கறுத்தன. முதல் இரண்டு இடங்களும் வெறுமையாகவே இருந்தன.

ஒற்றை உட்கருவிலேயே மரபணு விழித்திருந்தது. பிரிவு வந்து அதை எழுப்பவில்லை. பிரிவு வரும்போது அது வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. வேறு ஏதோ முன்பே எழுப்பியிருக்கிறது. எது என்று அவளுக்குத் தெரியாது. ஏழு வருடத்தில் முதல் தடவையாக இவ்வளவு சுத்தமான ஒரு பிலிம். சந்தோஷம் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தாள். வந்தது கொட்டாவி.

*

கல்யாணராமனுக்குக் காய்ச்சல். இரண்டு நாளாக வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் வலியசாலைக்குப் போனாள். அவர் மனைவி வாலாம்பாள் கதவைத் திறந்தாள்.

"வாம்மா, உள்ளே வா. குடையை அங்க சாத்து. சொன்னாக் கேக்காம மழையில நடந்து வந்தார், இப்போ படுத்திண்டு என்னைப் படுத்தறார்."

அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாய்வுநாற்காலியில் இருந்தார். ஜிஜி பிலிமை எடுத்துக் கொடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"மூணாவது எது?"

"ஒத்த உட்கரு. இருநூறு மொட்டு சார். ஒண்ணொண்ணும் பாத்தது."

"நாலாவது?"

"பழைய ஜூலை. அஞ்சு மில்லி."

"ரெண்டாவது நாலு நாலா?" அவரே தலையை ஆட்டிக்கொண்டார். பிலிமைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார், அந்தப் பக்கத்தில் வேறு மாதிரி இருக்குமோ என்பதுபோல. "அப்போ, பிரியறதுக்கு முன்னாடியே."

"ஆமா சார்."

"தலைப்பு?"

"மாத்த முடியாது. கமிட்டி ஆகஸ்டிலதான் கூடும். வெள்ளிக்கிழமையோட பதிவு போயிரும்."

"என்ன பண்ணப் போறாய்?"

"அஞ்சாம் சாப்டர்ல பதினோரு பக்கம் சேக்கறேன் சார். முப்பத்தொண்ணாம் பக்கத்துல நடந்ததை அப்படியே எழுதறேன். முதல் வருஷம் பாத்தோம், தொண்ணூத்தஞ்சுல பாக்கல்ல, அதனால தப்பு வந்துதுன்னு."

"தலைப்பு சொல்றது தப்புன்னு தீஸிஸே சொல்லும்."

"ஓ."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. "முப்பத்துநாலு வருஷம். தன் தலையிலே தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கற தீஸிஸ் இதாக்கும் முதல்."

"யாரு மண்ணைப் போட்டா?" என்று உள்ளிருந்து வாலாம்பாள் கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லை. நீ காப்பி கொண்டா." கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டார். "பின்னிணைப்பாப் போடேன். கடைசியில, சின்ன எழுத்தில. பாக்கறவன் பாக்கட்டும்."

"வேண்டாம் சார்."

"எக்ஸாமினர் திருப்பி அனுப்புவான்."

"அனுப்பட்டும்."

"நோக்கென்ன, ரசீது கையில இருக்கும். அந்த பேப்பர்ல என் பேரும்னா இருக்கு? இருபத்தெட்டாம் தேதி எனக்கு மாலை போடறாளாம். ஒருத்தன் பேசறப்போ சொல்லுவான், சாரோட மிளகாய் ஜீன்னு." அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. ஜிஜி தரையைப் பார்த்தாள்.

"நான் கையெழுத்துப் போட்ட தாளெல்லாம் எங்கே?"

இது என் மேற்பார்வையில் நடந்த உண்மையான ஆய்வு என்று சான்றளிக்கிறேன் என்ற தாள். ஐந்து பிரதிக்கு ஐந்து. பத்து நாள் முன்பே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். அவள் பையில்தான் இருந்தன. அது இல்லாமல் பல்கலைக்கழகத்தில் வாங்க மாட்டார்கள்.

"இருக்கு சார்."

"இங்க வச்சுட்டுப் போ. வியாழக்கிழமை வா."

எடுத்து வைத்தாள். காப்பி குடித்தாள். ருசி தெரியவில்லை. கிழக்கேகோட்டைவரை நடந்தே போனாள். சொல்லாமலே பதினொரு பக்கத்தைச் சேர்த்துப் பைண்டு பண்ணியிருக்கலாம் என்பது பழவங்காடி வந்தபோதுதான் தோன்றியது. கையெழுத்து பையிலேயே இருந்ததே. திரும்பிப் போய்க் கேட்க முடியாது. மழை வலுத்தது. ஒரு கடையின் தகரத்துக்குக் கீழே ஒதுங்கி நின்று, பினுவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தாள்.

புதன் முழுவதும் பதினொரு பக்கம் எழுதித் தட்டச்சு செய்தாள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் பைண்டு பண்ணும் பிச்சைக்கனி தாள்கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழம மத்தியானமா? மழைக்குப் பசை காயாதுங்க."

"ஃபேனுக்குக் கீழ வைங்க அண்ணாச்சி."

"ஃபேன வச்சா மட்டும்? கரண்ட்டு வேணாமா? சரி, முழுக்க இருக்கா?"

"ரெண்டாவது தாள் மட்டும் இல்ல. அஞ்சு பிரதிக்கும். நாளைக்குத் தாறேன்."

"தலையில்லாம உடம்ப மட்டும் கொண்டாந்திருக்கீங்க. நாளைக்கு மூணு மணிக்குள்ள தாங்க. அதுக்கப்புறம்னா எங்கிட்டக் கேக்கக் கூடாது."

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வலியசாலைக் கதவைத் தட்டினாள். வாலாம்பாள் ஒரு பழுப்பு உறையோடு வந்தாள்.

"தூங்கறார். இதை உன்கிட்டக் குடுக்கச் சொன்னார். அந்த பேப்பர்காரனுக்கு நீயே லெட்டர் எழுதிக்கணுமாம், தன் பேரைச் சேத்துக்கோன்னார். என்ன பேப்பரோ, இங்க பேப்பர்காரன் வந்தே மூணு நாளாச்சு."

உறையை வாசலில் நின்றே பிரித்தாள். ஐந்து தாள்கள். ஐந்திலும் பழைய தேதி ஒரே கோட்டால் அடிக்கப்பட்டு, மேலே இன்றைய தேதி. பக்கத்தில் மறுபடியும் முழுக் கையெழுத்து. காய்ச்சல்காரரின் கையெழுத்து, கோணலாக.

"எல்லாம் சரியா இருக்கா?" என்றாள் வாலாம்பாள்.

"இருக்கு மாமி."

"பின்னே எதுக்கு அழறாய்? உக்காரு, ஒரு வாய் சாதம் சாப்பிட்டுட்டுப் போ."

"மூணு மணிக்குள்ள பைண்டிங்குக்குக் கொடுக்கணும் மாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

பல்கலைக்கழகத்தில் வெள்ளிக்கிழமை மூன்றரை மணி. ஜன்னலுக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா ஐந்து பிரதிகளையும் தொட்டுப் பார்த்தார். அட்டை இன்னும் ஈரம். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். அனுமதிக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, தலைப்பை ஒவ்வொரு எழுத்தாகப் பேனா முனையால் தொட்டு ஒப்பிட்டார். உட்கருப் பிரிவுக்குப் பின். அந்த இடத்தில் ஜிஜி வேறு பக்கம் பார்த்தாள்.

"டைட்டில் ஓகே." இரண்டாம் தாளைப் புரட்டினார். "இதெந்தா, டேட் வெட்டித் திருத்தியிருக்கே?"

"கைடு சைன் போட்டிருக்கார் சார். பக்கத்துல."

அவர் கையெழுத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். "அஞ்சிலும் உண்டோ?"

"உண்டு சார்."

மூன்றாவது தாளுக்கு அப்பால் அவர் புரட்டவில்லை. முத்திரை குத்தினார். ஐந்தையும் சணல் கயிற்றால் கட்டி, பின்னாலிருந்த இரும்பு அலமாரியில், அதேபோல் கட்டியிருந்த மற்றவற்றின்மேல் வைத்தார். ரசீதைக் கிழித்து ஜன்னல் வழியாகத் தள்ளினார்.

தம்பானூரில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினாள். தாசம்மாள் எடுத்தாள்.

"கொடுத்தாச்சா மக்களே?"

"ஓ. ரசீது கிட்டியாச்சு."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அப்பம் பாஸா?"

"அது ஆறு மாசம் ஆகும்மா. திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாவ."

"என்னத்துக்கு? தப்பாட்டா எழுதியிருக்க?"

"முன்ன எழுதினது தப்புன்னு எழுதியிருக்கேன்."

"சரிதானே அது. பின்ன என்னத்துக்குத் திருப்புகது?"

ஜிஜி யோசித்துப் பார்த்தாள். "வீட்டுக்கு வந்து சொல்லுகேன்" என்று வைத்துவிட்டாள்.

பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் பாதி காய்ந்திருந்தது. ரசீதை இரண்டாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அந்தப் பாதியில் உட்கார்ந்தாள். நாகர்கோவில் பாசஞ்சர் நாற்பது நிமிடம் தாமதம் என்று மலையாளத்தில் சொன்னார்கள். பிறகு இந்தியில். ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அவள் தூங்கியிருந்தாள்.